ஜெசுயினோவின் பச்சை முகம்

மலை ஊரான ஒரூலியில் ஒரு சுவர் வெள்ளையாக இருந்தால் அது கொத்தனார் பக்கீசியோ பூசியதாகத்தான் இருக்கும். கல் கட்டுவார், சாந்து பூசுவார், ஓடு மாற்றுவார். கடைசியில் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். சமையலறைக்கு இளமஞ்சள் அடித்துத் தர முடியுமா, கதவுக்குப் பச்சை பூச முடியுமா என்று யாராவது கேட்டால், "வீட்டுக்கு வெள்ளைதாங்க மரியாதை, மத்ததெல்லாம் வேஷம்" என்பார். அந்த வேலையை அப்படியே கீழத்தெருப் பெயிண்டரிடம் தள்ளிவிடுவார். உடுத்துவதும் வெள்ளைச் சட்டைதான். ஒரு ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் தூய உள்ளத்துக்கு உதாரணமாக அவர் பெயரைச் சொல்லப்போக, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கீசியோ மூட்டைப்பூச்சி கடித்தவர் போல நெளிந்தார்.

நெளிந்ததற்குக் காரணம் உண்டு. வெள்ளை மேல் அவருக்குத் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் ஏதோ சேற்று நிறம். வெள்ளையில் தப்பு செய்ய முடியாது, அவ்வளவே.

இது அவருக்கே தெரியாமல் ரொம்ப நாள் இருந்தது. பத்தொன்பது வயதில் ஊர்க் கால்பந்துக் குழுவில் நல்ல ஆட்டக்காரர். ஒரூலிக் குழுவின் சட்டை அடர்சிவப்பு. எதிரே ஆட வருகிறவர்கள் மஞ்சளோ வெள்ளையோ நீலமோ போட்டிருப்பார்கள்; ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அந்த வருடம் பக்கத்து ஊரான செலபாயிக்காரர்கள் புதிதாக அடர்பச்சைச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார்கள். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பக்கீசியோவுக்குத் தன் குழுவாகவே தெரிந்தார்கள். சமாளித்துப் பார்த்தார். கடைசி நிமிடங்களில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றவனுக்குப் பந்தை அழகாகத் தள்ளிக் கொடுத்தார். அவன் செலபாயிக்காரன், பெயர் பட்டிஸ்டா. அவன் அடித்தான், உள்ளே போனது, ஒரூலி தோற்றது.

ஒரு முழுச் சீஸை வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று ஊர் சொன்னது. அதை முதலில் சொன்னவர் அன்று கோல் காத்து நின்ற ஜெசுயினோ. பக்கீசியோவுக்கு 'சீஸ்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அடுத்த வருடம் ராணுவத்தில் சேரும் முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில், புள்ளிப் புள்ளியாக இருந்த படங்களைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். மற்றவர்கள் கடகடவென்று படித்தார்கள். பக்கீசியோவுக்குப் புள்ளிதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. ஊருக்குத் திரும்பியதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு வருடம் கழித்துச் சொன்னால் சாக்கு என்பார்கள். அதோடு அப்போதுதான் கொத்து வேலை பழக ஆரம்பித்திருந்தார்; கண் சரியில்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் முப்பது வருடம் ஓடிவிட்டது. இதற்கு நடுவே அந்த ஜெசுயினோவின் தங்கை ரைமொண்டாவையே கல்யாணமும் செய்துகொண்டார். அவளிடமும் சொல்லவில்லை. பழுக்காத தக்காளியை வாங்கி வந்து அவளிடம் திட்டு வாங்குவது வீட்டில் வாடிக்கை. கவனம் கெட்ட மனிதர் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஒரூலியில் புனித யோவான் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, சுவர் ஞாயிறு. அன்றைக்கு ஊரே பிரஷும் கையுமாகத் தெருவில் இறங்கி ஏதாவது ஒரு சுவரில் படம் தீட்டும். சுவரைத் தயார் செய்வது பக்கீசியோவின் பொறுப்பு. சனிக்கிழமை விரிசல் அடைத்து, தேய்த்து, வெள்ளையடித்து வைப்பார். மறுநாள் மற்றவர்கள் வண்ணம் பூசும்போது, "என் பங்கு முடிஞ்சுது" என்று சொல்லி ஜெசுயினோவின் மதுக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த முறை பால் கூட்டுறவுச் சங்கத்தின் நீளச் சுவர். படத்தைப் போட்டுக் கொடுப்பவள் டொனாத்தெல்லா. நகரத்தில் நாடக மேடைகளுக்குத் திரை தீட்டுகிறவள், இந்த ஊர்ப் பெண்தான். திருவிழா விருந்துக்கு ஊரே நீண்ட மேசையில் உட்கார்ந்திருப்பது போல, ஒவ்வொருவரையும் சாயல் மாறாமல் கரிக்கோட்டில் வரைந்துவிட்டாள். பின்னால் ஆடுகள், சப்பாத்திக்கள்ளிப் புதர், மலை. தன் முகத்தைத் தானே தீட்டக் கூடாது, சீட்டுக் குலுக்கி எடுத்தவருக்கு எந்த ஆள் வருகிறதோ அந்த ஆளைத்தான் தீட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். தீட்டுகிறவர்கள் பெயர் போடும் தொப்பிக்குள் ரைமொண்டா தன் பெயருக்குப் பதில் புருஷன் பெயரைப் போட்டாள். விருந்துக்கு உருளைக்கிழங்கும் புதினாவும் வைத்துக் குலுர்ஜோனெஸ் கொழுக்கட்டை மடிக்க ஒரு படையே அவள் தலைமையில் உட்கார வேண்டியிருந்தது, அவளுக்கு நேரமில்லை.

பக்கீசியோவுக்கு வந்த சீட்டில் ஜெசுயினோ.

தெருவே சிரித்தது. பக்கீசியோ வழக்கம் போல, என் பங்கு முடிந்தது என்று ஆரம்பித்தார். ஆனால் மதுக்கடை வாசலில் நின்ற ஜெசுயினோ விடுவாரா?

"தீட்டட்டும் விடுங்கப்பா. எம் மூக்கைச் செலபாயிக்காரனுக்கு வித்துட மாட்டான்னு நம்புவோம்."

முப்பது வருடமாகக் கேட்ட பாட்டுதான். இருந்தாலும் அன்றைக்கு அது எங்கோ சுருக்கென்று தைத்தது. பக்கீசியோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, டொனாத்தெல்லாவிடம் பிரஷைக் கேட்டார்.

பிரஷை வாங்கிய பிறகுதான் எந்த நிறம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற நினைப்பு வந்தது. ஆனால் சுவரை நெருங்கிப் பார்த்ததும் மூச்சு வந்தது. ஊர்க்காரர்கள் கைக்கு வந்ததைப் பூசிவிடக் கூடாதே என்று டொனாத்தெல்லா ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு எண் எழுதி வைத்திருந்தாள். அதே எண் டப்பாக்களின் மூடியிலும் இருந்தது. எண்ணைப் பார்த்து டப்பாவைத் திறந்தால் போதும். அவர் நிறத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்தச் சுகம் இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று ஆகிவிட்டது அவருக்கு. படத்தில் மேசையோரம் தட்டேந்தி நிற்கும் ஜெசுயினோவின் கால்சட்டையை முடித்தார், இடைச்சட்டையை முடித்தார். மேலே கட்டியிருந்த ஏப்ரன் வெள்ளை. அதைப் பழகிய கையால் ஒரே வீச்சில் போட்டுவிட்டு, பக்கத்தில் பாதிரியாரைத் தீட்டிக்கொண்டிருந்த கசாப்புக்கடைக்காரரின் மனைவிக்கு ஓரம் பிசிறாமல் பிரஷை இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். சீட்டியடித்தார். பக்கீசியோ சீட்டியடித்து யாரும் கேட்டதில்லை.

முகமும் கைகளும் மட்டும் பாக்கி. அதற்கு எண் ஏழு. சாப்பிட்டு வந்து நிதானமாகச் செய்வோம் என்று விட்டு வைத்தார்.

மத்தியானம் வடமேற்குக் காற்று கிளம்பியது. எல்லோரும் சங்கத்தின் பின்கட்டில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆளையும் சாப்பிடக் கூப்பிட வந்த ரைமொண்டா, டப்பா மூடிகள் தெருவில் உருண்டு ஓடுவதைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பொறுக்கினாள். பெயிண்டு காய்ந்துவிடக் கூடாதே என்று, கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த டப்பாவில் வைத்து அழுத்தினாள். திறந்தால் என்ன நிறம் என்று தெரியப்போகிறது, எண்ணை யார் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. ஏழாம் எண் மூடி, சப்பாத்திக்கள்ளிக்காகக் கலக்கி வைத்த வெளிர்பச்சை டப்பாவில் போய் உட்கார்ந்தது.

பக்கீசியோ அன்று இரண்டாம் முறை பரிமாற விடவில்லை. மற்றவர்கள் ஒயினும் பேச்சுமாக இருக்கும்போதே எழுந்து சுவருக்கு வந்துவிட்டார். ஏழைத் திறந்தார், கலக்கினார். நெற்றியில் தொடங்கி, கன்னம், மூக்கு, கழுத்து, காது, தட்டைப் பிடித்திருந்த இரண்டு கைகள் என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். கண்ணையும் மீசையையும் தொடாமல் சுற்றி வளைத்தார். நான்கு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். தன் மச்சானை இவ்வளவு அழகாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

காப்பிக் கோப்பையோடு முதலில் வந்தவள் டொனாத்தெல்லா. பார்த்ததும் நின்றாள். "மாமா..." என்றாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் எல்லாம் இல்லை. தெரு குலுங்கியது. கசாப்புக்கடைக்காரர் பக்கீசியோவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முப்பது வருடப் பாக்கியை ஒரே டப்பாவில் தீர்த்துவிட்டாயே என்றார். கைதட்டினார்கள். யாரோ அவர் கையில் ஒயின் கோப்பையைத் திணித்தார்கள்.

பக்கீசியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார்.

"ஏன், மூக்கு கோணலாப் போச்சா?" என்றார்.

சிரிப்பு இன்னும் ஏறியது. என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஜெசுயினோ வந்தார். கையில் தட்டும் கோப்பைகளுமாக, சுவரில் இருந்தது போலவே. தன் பச்சை முகத்துக்கு எதிரே அவர் நின்றதும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஊரையே கேலி பேசுகிற மனிதர். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை தாங்காது. அவர் கத்தவில்லை. தட்டைப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"மனசுல இவ்ளோ வச்சிருந்தியா, மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். "சொல்லியிருக்கலாமே. ஊரைக் கூட்டி வச்சுத்தான் என்னைப் பொணமாக்கணுமா?"

கடைக்குத் திரும்பி நடந்தார். நடையில் ஒரு தளர்ச்சி இருந்தது.

ரைமொண்டா மட்டும் இதற்குள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேலி செய்யும்போது உதட்டின் ஒரு ஓரம் துடிக்கும். இப்போது அது துடிக்கவில்லை. பக்கத்தில் போய்க் காதோடு கேட்டாள்.

"பக்கீசு, எங்கண்ணன் மூஞ்சி என்ன நெறத்துல இருக்கு?"

"மூஞ்சி நெறத்துலதான்."

அவள் சுவரைப் பார்த்தாள். பழுக்காத தக்காளி, தன் தம்பி கல்யாணத்துக்கு அவர் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒரு பச்சை ஒரு பழுப்புக் காலுறை, வீடு முழுக்க வெள்ளை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவள் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். "அடப்பாவி," என்றாள் மெதுவாக. "அது கள்ளிப் பச்சை. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

சொல்லாமலும் இருந்திருக்கலாம். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஊர் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரன், பொறுத்திருந்து அடித்தான் என்று நாளைக்குக் காலை பேக்கரியில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெயர் அவருக்குக் கசக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"மச்சான், நில்லு. எனக்குப் பச்சை தெரியாது."

ஜெசுயினோ திரும்பினார்.

"சிவப்பும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அன்னிக்கு கிரவுண்டுலயும் அப்படித்தான். பட்டிஸ்டாவை நம்ம ஆளுன்னு நெனச்சுத்தான் பாஸ் குடுத்தேன். சீஸும் வாங்கல, ஒரு மண்ணும் வாங்கல."

ராணுவப் பரிசோதனை, புள்ளிப் படம், வெள்ளைச் சுவர் என்று எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னார். தடுக்கித் தடுக்கித்தான் சொன்னார். ஜெசுயினோ மட்டும் அவ்வளவு லேசில் நம்புகிற ஆள் இல்லை. விறுவிறுவென்று கடைக்குள் போய் இரண்டு சின்னக் கோப்பைகளோடு வந்தார். ஒன்றில் சிவப்பான கசப்பு மது, இன்னொன்றில் பச்சைப் புதினாச் சாறு. இரண்டையும் நீட்டி, எது எது என்று கேட்டார். பக்கீசியோ மாறி மாறிப் பார்த்தார். மோந்து பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றார் ஜெசுயினோ. அப்படியானால் தெரியாது என்று சொல்லிவிட்டு, குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டுப் புதினா என்றார். தவறு. ஜெசுயினோ கோப்பைகளை இடம் மாற்றி இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் தவறு.

ஜெசுயினோ கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். புதினாச் சாற்றைத் தானே குடித்தார்.

"அட மடையா," என்றார். "அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னை டீம்லயே சேத்திருக்க மாட்டேனே."

அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. பக்கீசியோவுக்கும் அது போதுமானதாக இருந்தது. ரைமொண்டாதான் விடவில்லை. எல்லார் முன்னாலும் வாய் கிழியப் பேசினவன் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லு என்று அண்ணன் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். ஜெசுயினோ தரையைப் பார்த்துக்கொண்டு, சீஸ் கதை தானே கட்டிவிட்ட பொய், கோல் விட்ட வெட்கத்தில் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னது, அப்புறம் அது நன்றாகக் கதையானதால் நிறுத்த மனம் வரவில்லை என்றார்.

பத்தே நிமிடத்தில் முகத்தைச் சரி செய்துவிடலாம் என்று டொனாத்தெல்லா பிரஷை எடுத்தாள். ஜெசுயினோ தடுத்தார். கெடுத்தவனே சரி செய்யட்டும் என்றார். சரியான டப்பாவைத் தேடித் தானே திறந்து, கையில் ஏந்திக்கொண்டு பக்கீசியோவுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே இன்னும் பச்சை தெரிகிறது, இங்கே மேலே, அட கழுத்து, கழுத்து என்று வேலை வாங்கினார். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, சதை போடு என்றும் கேட்டார். பக்கீசியோ போட்டார். சுவரில் இருக்கிற ஜெசுயினோ நிஜ ஜெசுயினோவைவிடப் பத்து வயது இளமையாகிவிட்டார். இடது காது மட்டும் பச்சையாகவே தங்கிவிட்டது. அதைப் பக்கீசியோ பார்க்க வழியில்லை; ஜெசுயினோ மீசையைப் பற்றிய யோசனையில் இருந்தார்; மற்றவர்கள் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் பக்கீசியோவுக்குப் பெரிய தொல்லை. தெருவில் நிறுத்தி, இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று சட்டையையும் கைப்பையையும் நாய்க்குட்டியையும் காட்டிக் கேட்டார்கள். முதலில் பொறுமையாகத் தெரியாது என்றார். அப்புறம் எதைக் காட்டினாலும் ஊதா என்று சொல்ல ஆரம்பித்தார். அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ரைமொண்டா அவருடைய அலமாரியைத் திறந்து, வெள்ளைச் சட்டைகளில் பாதியை எடுத்துத் துடைக்கும் துணியாக்கினாள். இனிமேல் காலையில் என்ன போடுவது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அதில் அவளுக்கு ஒரு குஷி. ஒருநாள் முழுச் சிவப்பில் சட்டை போட்டு அனுப்பிவிட்டு, ஊர் என்ன சொல்கிறது என்று ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் செலபாயியிலிருந்து ஒரு கார் வந்து அவர்கள் வாசலில் நின்றது. தலை முழுக்க வழுக்கையாய், பீப்பாய் மாதிரி ஒரு மனிதர் இறங்கினார். கூடவே அவர் மனைவி. பக்கீசியோவுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் பட்டிஸ்டா, விஷயம் கேள்விப்பட்டு வந்தேன் என்று அவரே சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பட்டிஸ்டா உட்காரவில்லை. தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவர் அடித்தது அந்த ஒரே கோல். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் ஒரூலிக்காரர்கள் கட்டிய கதை மலை தாண்டி அவர் ஊருக்கும் போயிருந்தது. விலைக்கு வாங்கிய கோல் என்று அங்கேயும் அவரை நக்கலடித்திருக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் மனைவியும் அதையே எடுத்து வீசியிருக்கிறாள்.

"அண்ணே, நீங்களே இவகிட்ட சொல்லிடுங்க," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

தன்னைப் போலவே இன்னொருவனும் மலைக்கு அந்தப் பக்கம் இதே பழியைச் சுமந்துகொண்டிருப்பான் என்று பக்கீசியோவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"தங்கச்சி," என்றார் அந்த அம்மாளிடம், "பாஸ் மட்டும்தான் தப்பு. கோல் சுத்தமான கோல். அந்த எடத்துலேர்ந்து எங்க ஊர்க்காரன் ஒருத்தனாலயும் அடிச்சிருக்க முடியாது. வேணும்னா கோல் கீப்பரையே கேளுங்க."

ஜெசுயினோவை வரவழைத்தார்கள். ஜெசுயினோ நீண்ட நேரம் மீசையைத் தடவிவிட்டு, பந்து இடது மூலையில் மேலே போனது, பறந்தாலும் எட்டியிருக்காது என்று ஒப்புக்கொண்டார். பட்டிஸ்டாவின் மனைவி புருஷனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பட்டிஸ்டா உட்கார்ந்தார். ஆட்டுக்கறி வந்தது, மெல்லிய ரொட்டி வந்தது, கறுப்பு ஒயின் வந்தது. சாயங்காலம் கிளம்பும்போது அந்த அம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

அந்தச் செலபாயிக்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் அவர்களும் தங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் தீட்டுவதாக முடிவு செய்தார்கள். வெள்ளையடிக்கப் பக்கீசியோவைக் கூப்பிட்டார்கள். அடித்துக் கொடுத்துவிட்டு ஏணியை மடிக்கப்போனவரைப் பட்டிஸ்டா நிறுத்தினார். கடலும் வானமும் பூச ஆள் வேண்டும், நீலமாவது தெரியுமா என்று கேட்டார்.

நீலம் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதைவிட நன்றாகவே தெரியும் என்பது பக்கீசியோவின் கட்சி. மறுநாள் காலை முதல் ஏணியின் உச்சியில் நின்று வானம் பூசினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரைமொண்டா, இவ்வளவு நீலம் எந்த ஊர் வானத்தில் இருக்கிறது, கொஞ்சம் வெள்ளையைக் கலந்தால் என்ன என்று கேட்டாள்.

"இத்தனை வருஷம் அடிச்ச வெள்ளை போதும்மா," என்றார் பக்கீசியோ மேலேயிருந்து. "நீ ஏணியப் பிடி."